டெல்மருக்கு நான் சொன்ன விலை

பழைய எஞ்சினுக்கு விலை சொல்வது பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அழகு சொல்வது மாதிரி. கூட்டிச் சொன்னால் பொய், குறைத்துச் சொன்னால் பகை. முப்பத்திரண்டு வருடமாக நான் இரண்டையும் செய்ததில்லை. ஓஹையோவில், லைமா நகரத்துக்கு வடக்கே, வர்ஜில் ஸ்டாஃபர் ஒரு விலை சொன்னால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். டெல்மர் ஒருவன்தான் பேசினான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எஞ்சினைப் பார்க்கும்போது நான் சிலிண்டர் தேய்மானம் பார்ப்பேன், விரிசல் பார்ப்பேன். கடைசியாக அதில் அடித்திருக்கிற நம்பரைப் பார்ப்பேன். அந்தக் காலத்தில் வண்டியின் உடம்பில் இருக்கிற நம்பரையே எஞ்சினிலும் அடித்து அனுப்பினார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வண்டியின் விலை எகிறும். வண்டியைப் பிரிந்த எஞ்சின் ஊருக்கெல்லாம் வெறும் இரும்பு. உலகத்தில் ஒரே ஒருத்தனுக்கு மட்டும் அது பொக்கிஷம்.

டெல்மர் டூலியிடம் எழுபதாம் வருடத்து வண்டி ஒன்று இருந்தது. நாவல்பழ நிறம், இரண்டு கதவு, குரைக்கிற நாய் மாதிரி சத்தம். அதன் சொந்த எஞ்சினை அவனுக்கு முந்தைய சொந்தக்காரன் எப்போதோ கழற்றி விற்றுவிட்டான். உள்ளே இருந்தது ஏதோ மாற்று. டெல்மர் தன் வண்டியின் நம்பரைக் கல்யாண வீட்டிலும் சொல்வான், சாவு வீட்டிலும் சொல்வான். எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். அதனால்தான், பதினோரு வருடம் முன்பு, செத்துப்போன ஒரு விவசாயியின் மக்காச்சோளக் கொட்டகையில் தண்ணீர் பம்போடு மாட்டிக் கிடந்த எஞ்சினைப் புரட்டியபோது, அது டெல்மர் வண்டியின் எஞ்சின்தான் என்று தெரிய எனக்கு எந்தத் தாளையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நான் அதை வாங்கிப்போட்டு, கூப்பிட்டுச் சொன்னதும் டெல்மர் ஃபோனிலேயே அழுதான். அரை மணி நேரத்தில் வந்து நின்றான்.

"எவ்வளவுடா?"

"இருபத்தெட்டாயிரம் டாலர்."

"டேய் வர்ஜிலு, கூடவே உன் கிட்னியையும் கழட்டித் தர்றியா?"

"எஞ்சின் மட்டும்தான்."

"வேற எவனாவது கேட்டா என்ன சொல்லுவே?"

"ஆறாயிரத்து ஐந்நூறு."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்டா?"

"உனக்கு மட்டும்தானே அது வேணும்."

அவன் வெகுநேரம் சிரித்தான். "ஆறாயிரம் தரேன். லொரெட்டா சுட்ட ஆப்பிள் பை ஒண்ணும் தரேன். பெரிய மனசு பண்ணு, கஞ்சப்பயலே" என்றான்.

லொரெட்டா அவன் மனைவி. ஒவ்வொரு ஏப்ரலிலும் அவள் சுட்ட ஆப்பிள் பையோடு அவன் வருவான், எஞ்சினைத் தடவிப் பார்ப்பான், ஐந்நூறு கூட்டிக் கேட்பான். நான் ஆயிரத்துக்கு மேல் கூட்டிச் சொல்வேன். பலகாரம் ஒவ்வொரு வருடமும் நன்றாகவே இருந்தது. அதை விலையில் கழிக்கவில்லை.

எங்களுக்குள் பகை இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் மனைவி என்னை விட்டுப் போனபோது மூன்று வாரம் எனக்குச் சாப்பாடு போட்டது அந்த வீடுதான். அவள் போனதற்குக் காரணம் சின்னது. "உன் கணக்குல எனக்கு என்ன விலை?" என்று ஒருநாள் கேட்டாள். நான் யோசித்துப் பதில் சொன்னேன். யோசித்ததுதான் தப்பாம்.

இந்த ஏப்ரலில் என் விலை நாற்பத்தோராயிரம். அவன் பதினோராயிரத்து ஐந்நூறில் நின்றான். ஒரு திங்கட்கிழமை ஃபோன் செய்தான்.

"டேய், உன் எஞ்சினே வேணாம். டொலீடோவுல ஒருத்தன் இருக்கான். எந்த எஞ்சின் பிளாக்குல வேணா எந்த நம்பரை வேணா அடிச்சுக் குடுக்கிறான். நானூறு டாலர். எழுத்து அச்சா அப்படியே வரணும்னா ஒரிஜினலை ஒரு ஃபோட்டோ எடுத்தா போதுங்கிறான். புதன்கிழமை வரட்டா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். பதினோரு வருடக் கோபமும் அந்தச் சிரிப்பில் தீர்ந்துபோன மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் யோசித்தேன். என் தொழிலில் பொய் எண் அடிப்பதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அதோடு, அவன் அடித்துவிட்டால் என் எஞ்சினுக்கு உலகத்தில் ஆளே இல்லை. நாற்பத்தொன்று ஒரே மதியத்தில் ஆறரை ஆகிவிடும். ஆனால் அந்த வண்டி வேறு கைக்குப் போனால், கொலம்பஸில் ஒரு பல் டாக்டர் கைக்குப் போனால் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் நான் சொன்ன விலையைக் கொடுப்பார். எஞ்சினில் குறையில்லை. விலையில் குறையில்லை. ஆள்தான் தப்பான ஆள். இதில் எங்கே தவறு என்று எத்தனை தடவை யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தான். எஞ்சினைக் கை கிரேனில் தொங்கவிட்டிருந்தேன். எண் இருப்பது அடியில், ஆயில் தேங்குகிற தொட்டி, அதாவது சம்ப், வந்து சேர்கிற விளிம்பில். கீழே படுத்தால்தான் நேராகப் படம் எடுக்க முடியும். தரையில் இரண்டு பழைய கம்பளம் போட்டிருந்தேன்.

"என்னடா, மாப்பிள்ளைக்கு விரிக்கிற மாதிரி விரிச்சு வெச்சிருக்கே" என்றான்.

"தரை சில்லுனு இருக்கும்."

நீங்கள் கம்பளத்தைப் பற்றித்தான் இரண்டு தடவை கேட்டீர்கள், மேடம். அவன் முதுகுக்காகப் போடவில்லை. சம்ப் மெல்லிய தகடு. சிமெண்டில் பட்டால் கிழிந்துவிடும்.

அவன் படுத்தான். டார்ச் அடித்தான். நம்பரை எழுத்து எழுத்தாகப் படித்தான், பைபிள் படிக்கிற குரலில். பிறகு, "வர்ஜிலு... இருடா. நான் ஒண்ணு சொல்லட்டுமா, விலையை..." என்றான்.

என் கை அதற்குள் கிரேனை இறக்குகிற வால்வைத் திருப்பியிருந்தது. முந்நூற்று நாற்பது கிலோ. அந்த வாக்கியம் எப்படி முடிந்திருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன். பன்னிரண்டாயிரம் என்றிருப்பான் என்றுதான் தோன்றுகிறது.

ஆயில் கசிந்து கிரேனின் கை தானாக இறங்கிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அடக்கத்தன்று லொரெட்டா என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், அது பொய்யில்லை. சம்ப்பில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதற்காக முந்நூறு டாலர் குறைத்து எழுதினேன். சரக்கில் இருக்கிற குறையை நான் மறைத்ததே கிடையாது.

நான் எதிர்பார்க்காதது லொரெட்டாவை. இரண்டு மாதத்தில் நான்கு பேர் வண்டியைக் கேட்டார்கள். அதில் ஒருவர் நிஜமாகவே பல் டாக்டர். விற்றுவிடச் சொல்லி நானே போய் லொரெட்டாவிடம் எடுத்துச் சொன்னேன்.

"வித்துட்டு அவர் வாசனைய எங்க போய்த் தேடுவேன், வர்ஜில்?" என்றாள். "சீட்டுல இன்னும் அவர் பள்ளம் இருக்கு." அந்த மாற்று எஞ்சினோடு ஞாயிறுதோறும் சர்ச்சுக்கு அதைத்தான் ஓட்டிப் போகிறாள். கியர் மாற்றத் தெரியவில்லை. கேட்கவே காது கூசுகிறது.

எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. சரி, கிரேனையாவது விற்போம் என்று ஜூன் மாதம் வாசலில் வைத்தேன். போலீஸ் சீருடை இல்லாமல், சாதாரண உடையில் நீங்கள் வந்தீர்கள். உங்கள் அண்ணனுக்கு வேண்டும் என்றீர்கள். உண்மையோ தூண்டிலோ எனக்குத் தெரியாது.

"முந்நூறு" என்றேன்.

"நாப்பது தரேன், மிஸ்டர் ஸ்டாஃபர்."

"நாப்பதா?"

"ஆளைக் கொன்ன கிரேன்தானே இது? தானா இறங்குற கிரேனுக்கு நாப்பதே ஜாஸ்தி."

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாற்பது டாலரை வாங்கிப் பையில் போட்டிருக்கலாம். ஆனால் நல்ல கருவி மேடம் அது. ஆயில் கசியாதபடி வருடா வருடம் நானே சீல் மாற்றியிருக்கிறேன். அதன்மேல் அப்படியொரு பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தானா இறங்குற பேச்சே கிடையாது. ஒரு வாரம் தொங்கவிட்டாலும் ஒரு நூல் இறங்காது. வால்வைத் திருப்பினாத்தான் இறங்கும்" என்றேன்.

நீங்கள் கிரேனைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "அன்னிக்கு யார் திருப்பினது?" என்று கேட்டீர்கள்.

நான்தான். அவன் கீழே படுத்திருப்பது தெரிந்து, நான்தான் திருப்பினேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

லொரெட்டாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள். வண்டியை அவள் விற்காதவரை இந்த எஞ்சினுக்கு உலகத்தில் அவள் ஒருத்திதான் ஆள். அவள் இருக்கிற நிலைமையில் முழு விலை கேட்க எனக்கு மனம் வரவில்லை. பத்து சதவீதம் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். ஈவு இரக்கம் இல்லாதவன் இல்லை நான்.