ஒன்பதாம் எண் ரிவால்வர்

மூடி மாறிய சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தால் எனக்கு அன்று முழுக்க வேலை ஓடாது. சிரிக்காதீர்கள் சார். இருபது வருடமாக, நகைக்கும் பணத்துக்கும் காவல் போகும் துணைப் போலீஸ் கம்பெனியில் ரிவால்வர் பழுதுபார்க்கிறவனுக்கு அந்தப் புத்தி வந்துவிடும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித் தட்டு. கழற்றிய பாகம் அதற்குரிய தட்டில்தான் இருக்க வேண்டும். ஒன்றாகத் தேய்ந்தவை ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். வேறொன்றின் பாகத்தைப் போட்டால் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும், நம்ப முடியாது.

என் மனைவி இனியாவுக்கும் அங்கேதான் வேலை. நகைப்பெட்டி ஏற்றிப்போகும் நான்காம் வேனில் காவல். அவளுக்கு ஜோடி சுரேந்தர். முன் இருக்கை அவனுக்கு, பின் இருக்கை அவளுக்கு. எங்களிடம் துப்பாக்கி ஆளுக்கு இல்லை, இருக்கைக்கு. நான்காம் வேனின் முன் இருக்கைக்கு எப்போதும் ஒன்பதாம் எண்.

வீட்டில் இனியா அதிகம் பேசமாட்டாள். வேன் கிளம்பும்போது மட்டும் அவள் சிரிப்பு ஆயுத அறை ஜன்னல் வரை கேட்கும். ஒருநாள் என் டப்பா வேறு மூடியோடு வீட்டுக்கு வந்தது.

"சுரேந்தருக்கு வடை கொண்டு போனேன். அவங்க வீட்ல மூடி மாறிடுச்சு போல. விடுங்க லா, மூடிதானே," என்றாள்.

வயிறு எரிந்தது. மறைக்கவில்லை சார், எரிந்தது.

மறுநாள் ஒன்பதாம் எண்ணைத் திறந்தேன். கழித்துப்போட்ட பழைய துப்பாக்கி ஒன்றின் தேய்ந்த பாகங்களை அதில் பொருத்தி மூடினேன். விசையை இழுத்தால் சத்தம் வரும், தோட்டா வெடிக்காது. சரிபார்த்ததாகக் கையெழுத்தும் போட்டேன். சுடும் தேர்வில் அவன் தோற்று அவமானப்படட்டும் என்றுதான் செய்தேன். தேர்வு முந்தைய வாரமே முடிந்துவிட்டது என்கிறீர்கள். தேதி சரிதான். அடுத்த தேர்வுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

தீபாவளிக்கு முதல்நாள் காலை இனியா ஜன்னலில் வந்து நின்றாள்.

"ஒன்பதைக் கொடுங்க. இன்னிக்கு நான்தான் முன் சீட். சுரேந்தருக்குத் தலைத் தீபாவளி, பொண்ணு வீட்டுக்கு ஈப்போ போகணும், பாவம். என் லீவைக் கொடுத்துட்டேன். பின்னாடி சேக் தாவூது வராரு."

அந்த லீவில் நானும் அவளும் தேக்காவுக்குத் துணி எடுக்கப் போவதாக இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரேக்கில் நல்ல துப்பாக்கிகள் ஆறு இருந்தன. ஒன்பதில் கோளாறு என்று சொல்லி வேறொன்றை நீட்ட அரை நிமிடம் போதும். நான் ஒன்பதை நீட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு, சிராங்கூன் சாலையில் நகைக்கடை வாசலில், ஒருவன் பாராங் கத்தியோடு வந்தான். இனியா மூன்று முறை விசையை இழுத்தாள் என்று சேக் தாவூது சொன்னார். மூன்று முறையும் சத்தம் மட்டும் வந்ததாம். அவர் வேனைச் சுற்றி ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆமாம் சார், நான்தான் மாற்றினேன். தெரிந்தேதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். அன்று இரவே சுரேந்தர் மனைவியோடு ஈப்போவிலிருந்து திரும்பி வந்தான். பிணவறை வாசலில் உட்கார்ந்து, அக்கா, அக்கா என்று கதறினான். சொந்த அக்காவுக்குக்கூட யாரும் அப்படி அழமாட்டார்கள். நான் நினைத்தது சரிதான்.