வாய்க்குள் வைத்திருந்த நம்பர்

செங் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள், தொழிற்சாலைச் சட்டையோடு. சின்னவள் சொன்னாள்:

"கண்டக்டர் எங்கன்னு கேட்டாரு. 'செங்'னு சொல்ல வாயத் திறந்தேன், நம்பர் போயிருச்சுக்கா."

"எந்த நம்பரு?"

"சரசு வீட்டு போன் நம்பர். எஸ்டேட்டுல பக்கத்து வீடு. தோட்டத்த வித்து எல்லாரும் பிரிஞ்ச பிறகு இன்னிக்குத்தான் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ஜொகூர் பஸ் ஏறிக்கிட்டே சொன்னா. அதையே முணுமுணுத்துக்கிட்டு வந்தேன்."

"ஒன் நம்பர அவ கேக்கலியா?"

"எங்க வீட்டுல ஏதுக்கா போனு?"

"நல்லா யோசிச்சுப் பாரு லா."

"அவ முகம், பச்ச சேல, சன்னல்ல ஆட்டுன கை, எல்லாம் அப்படியே நிக்குது. நம்பர்தான் ஒண்ணும் வரல."

"எழுதி வாங்கியிருக்கலாம்ல. பேனா இல்லியா?"

அவள் கண்ணை மூடினாள்.

"அவ கைப்பையில ஒரு செவப்புப் பேனா சொருகியிருந்துச்சுக்கா. இப்பத்தான் தெரியுது."