இந்த வருஷம் ஒரு காலும் போகல

— பூஜ்யம்னு எழுதியிருக்கீங்களே நர்ஸம்மா, அதுதான் இப்ப சிக்கலே.

— அதுதானே சார் உண்மை? போன வருஷம் நம்ம வார்டு ஜனங்கள்ல சர்க்கரை நோயால ஏழு பேருக்குக் காலை எடுத்தாங்க. சனிக்கிழமை பாத கிளினிக் ஆரம்பிச்சோம். இந்த வருஷம் ஒரு காலும் போகல.

— எனக்குப் புரியுது. படிவத்துக்குப் புரியணுமே! இங்க பாருங்க, எட்டாவது கட்டம். ‘சேவையின் தேவை: கால் இழந்தோர் எண்ணிக்கை.’ நீங்க பூஜ்யம்னு போட்டா, நகராட்சிக் கமிட்டி தேவையே இல்லன்னு நினைச்சு கிளினிக்கை மூடிடும்.

— காலைக் காப்பாத்தினதுக்குத் தண்டனையா?

— ஐயோ, பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு? இதுக்குப் பேரு நிதி மறு ஒதுக்கீடு. நான் சொல்லல, படிவம் சொல்லுது. பக்கத்து வார்டுக்காரங்களைப் பாருங்க, என்ன சமர்த்து! பதினோரு கால். அவங்களுக்கு ஒதுக்கீடு ரெண்டு மடங்கு.

— அங்க கிளினிக்கே கிடையாதே சார்.

— அதனாலதானே தேவை அதிகமா இருக்கு!

— அதை வச்சு என்ன பண்ணப் போறாங்களாம்?

— சக்கர நாற்காலி. நாப்பது. கமிட்டித் தலைவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வரிசையா நிறுத்திப் போட்டோ எடுக்கலாம். உங்ககிட்ட போட்டோ எடுக்க என்ன இருக்கு?

— நடந்து போற ஆளுங்க இருக்காங்க.

— நடந்து போறவனை எதுக்கும்மா போட்டோ எடுக்கணும்? ரோடு பூரா அதானே நடக்குது.

— எனக்கு வயிறு எரியுது சார். ஒரு தையல்காரர் வர்றார். மெஷின் மிதிக்கிற கால் போனா வீட்டுல அடுப்பு எரியாது. தபால்காரம்மா ஒருத்தங்க. வாரா வாரம் அந்தக் காலைக் கழுவி, துடைச்சு, விரலிடுக்கு விடாம பார்த்து அனுப்புறேன். அவங்ககிட்டப் போய் அடுத்த சனிக்கிழமை வராதீங்கன்னு நான் எந்த மூஞ்சியோட சொல்வேன்?

— என்மேல கோபப்படாதீங்க. நான் என்ன கல்நெஞ்சக்காரனா? இருபது வருஷமா சுகாதாரப் பிரிவுல சூப்பிரண்டா உட்கார்ந்திருக்கேன், ஒரு சந்து பொந்து தெரியாதா? பன்னிரண்டாவது கட்டத்துக்கு வாங்க. இந்த மாசம் புதுசா வந்த நோயாளிங்க எத்தனை பேர்?

— பத்தொன்பது.

— அடடா! இருபது இருந்தா ‘மறுபரிசீலனை’ல போயிடும். மூடுறதுக்குப் பதிலா இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். நாலு மணிக்குக் கோப்பு கமிட்டிக்குப் போகுது. ஒரே ஒரு ஆளைப் பிடிங்க.

— இப்ப மணி மூணே முக்கால் சார்.

— சரி, விடுங்க. என் பேரை எழுதிக்கோங்க.

— உங்க பேரையா?

— நானும் சர்க்கரைக்காரன்தானேம்மா. பன்னிரண்டு வருஷம் ஆச்சு. பொய் ஒண்ணும் இல்லையே.

— பன்னிரண்டு வருஷமா? ஏன் சார், எங்க கோப்பெல்லாம் உங்க மேஜையிலதானே கிடக்குது, ஒரு சனிக்கிழமை கூடவா எட்டிப் பார்க்கத் தோணல?

— சனிக்கிழமை ஆபீஸ் லீவும்மா. அதுவுமில்லாம என் காலுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு. நீங்க பேரை மட்டும் போடுங்க.

— காலைப் பார்க்காம நான் பேர் எழுதமாட்டேன். ஷூவைக் கழட்டுங்க.

— இங்கேயா? ஆபீஸ்ல நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?

— கதவைச் சாத்திட்டேன். சாக்ஸையும் கழட்டுங்க. காலைத் தூக்கி அந்த நாற்காலி மேல வையுங்க.

— உங்க பிடிவாதம் இருக்கே! சரி, அது என்ன கையில, தூண்டில் நரம்பா?

— நைலான் இழை. உள்ளங்கால்ல அங்கங்க இதால அழுத்துவேன். பட்டதும் ‘ம்’னு சொல்லணும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கோங்க.

— மூடியாச்சு.

— திறக்கக் கூடாது.

— இல்லம்மா. நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன். நாளைக்கே உங்க கிளினிக்குக்கு நல்ல பேரா ஒண்ணு வையுங்க. ‘பாதம்’னா யாரும் திரும்பிப் பார்க்கமாட்டாங்க. ‘முழுமையான நலவாழ்வு மையம்’னு வையுங்க, தலைவர் ரிப்பன் வெட்ட ஓடி வருவார். சுவத்துக்கு நல்ல பெயின்ட் அடிச்சிட்டோம்னா ஒரு போட்டோவும் ஆச்சு. அடுத்த வருஷப் படிவத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தர்றேன், கவலையை விடுங்க. என்ன, இன்னும் ஒண்ணும் படலையே? சீக்கிரம் ஆரம்பிங்க நர்ஸம்மா, கோப்பு போகணும்.

— ரெண்டு காலும் முடிச்சுட்டேன் சார்.