பின்சக்கர பிரேக்

தம்பி: அப்பா ஸ்கூட்டரோட அந்தப் பின்சக்கரத்தை விடுக்கா. அப்படியே கொடுத்துடலாம்.

அக்கா: எப்படிக் கொடுக்குறது? உருளவே மாட்டேங்குது. பிரேக் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. வாங்க வர்றவன் தோள்ல தூக்கிட்டா போவான்?

தம்பி: நாலு பேரைக் கூப்பிட்டா வேன்ல ஏத்திடுவாங்க.

அக்கா: நாலு பேரா? உன் ஒருத்தனை இந்த வீட்டுக்குள்ள வரவழைக்கவே ஒன்பது வருஷம் ஆச்சு. அதுக்கும் அப்பா செத்துப்போக வேண்டியிருந்தது.

தம்பி: ஆரம்பிச்சுட்டியா...

அக்கா: ஸ்பேனரைக் கொடு. பெருசு. அது இல்லடா, பெருசுன்னா பெருசு! மூணு மாசம் ஒர்க்‌ஷாப் போனதுக்கே தெருவுல உன் நடை மாறிப்போச்சு. இப்போ ஸ்பேனர் தெரியல.

தம்பி: அப்போ எனக்கு இருபது வயசு.

அக்கா: நட்டு கழண்டுடுச்சு. சக்கரத்தை உன் பக்கம் இழு. இன்னும்... என்னடா, பாதியில நிறுத்திட்டே?

தம்பி: கனமா இருக்கு.

அக்கா: சக்கரமா? சரி, இந்த டிரம் மூடியைத் தட்டி எடுத்தா உள்ள பிரேக் ஷூ தெரியும். சுத்தியலை...

தம்பி: வேண்டாம்னு சொல்றேன்ல!

அக்கா: ஏன் கத்துறே?

தம்பி: உள்ள கிரீஸ் இருக்கும்க்கா.

அக்கா: இருக்கட்டுமே.

தம்பி: ஷூவை விரிக்கிற முனையில ஒரு பொட்டு கிரீஸ்தான் வைக்கலாம். நான் பொட்டு வைக்கல. அள்ளி அப்பினேன். பிரேக் பெடல் கீச்சுன்னு கத்துதுன்னு அப்பா சொன்னாருல்ல, அதுக்கு. சூடானா அது உருகி, ஷூ மேல ஒட்டியிருக்கிற லைனிங் பூரா பரவும், மிதிச்சா பிரேக் பிடிக்காம வழுக்கிட்டே போகும்... எனக்கு அப்போ தெரியாதுக்கா. ஒர்க்‌ஷாப்புல சொன்னப்போ விபத்துல அம்மா போய் ரெண்டு வாரம் ஆயிடுச்சு. திட்டவாவது செய்யேன்.

அக்கா: ஆஸ்பத்திரி வராந்தாவுல எல்லார் முன்னாடியும் அப்பாவை நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

தம்பி: இருக்கு. 'பிரேக்கை நேத்துதான் நான் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. நீதான் தூங்கி விழுந்து அம்மாவைக் கொன்னுட்டே.'

அக்கா: அன்னைக்குத்தான் முதல் தடவையா அவரை 'நீ'ன்னே.

தம்பி: அவரும் 'ஆமாப்பா, கண் அசந்துட்டேன்'னு தலையைக் குனிஞ்சாரு. போலீஸ்லயும் அதையே எழுதிக் கொடுத்தாரு. நானும் நம்பினேன்...

அக்கா: இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். ஒரு கீறல் கிடையாது. லைசென்ஸ் போச்சு, வேலை போச்சு. கடைசிவரைக்கும் எவனோ ஒருத்தன் கிடங்கு வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாரு.

தம்பி: தெரியும். அதான் வரல. கோபத்துல வரலைன்னு நீங்க நினைச்சீங்க, நானும் விட்டுட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றது? ... திறக்கா. இனிமே என்ன, நீயே பாரு.

அக்கா: ஓரத்துல தட்டு. மெதுவா. இன்னொரு தட்டு... வந்துடுச்சு. ஊதாதே! அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஈரத்துணியால துடை.

தம்பி: கிரீஸே இல்லையே.

அக்கா: ம்.

தம்பி: காய்ஞ்சு போயிருக்குமோ... இல்ல. லைனிங் தேயவே இல்லக்கா. விரலை வச்சுப் பாரு. இது அந்தப் பழைய ஷூவே இல்ல. புதுசு! வண்டியை அதுக்கப்புறம் யாருமே எடுக்கலையே... யார் மாத்தினது? என்னைப் பாருக்கா. உனக்குத் தெரியுமா?

அக்கா: போலீஸ்ல இருந்து வண்டியைச் சோதிக்க ஆள் வர்றதா சொன்ன அன்னைக்கு, விடியறதுக்கு முன்னாடியே அப்பாவே இந்த பிரேக்கைப் பிரிச்சாரு. ஒரு கை கட்டுல தொங்குது. டார்ச் பிடிச்சது நான். கிரீஸை வழிச்சு, டிரம்மைக் கழுவி, புது ஷூ மாட்டினாரு. 'சின்னவனுக்குத் தெரிஞ்சா உயிரோட இருக்கமாட்டான்'னு என்கிட்டச் சத்தியம் வாங்கினாரு. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நம்பித்தான் நானும் வாயைத் திறக்கல... தெரிஞ்சுக்கிட்டுத்தான் வராம இருக்கேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் சொல்லியிருப்பேன்டா, அவருக்கும் தெரியும், வந்து பக்கத்துல உட்காருன்னு.