பதினேழாம் படத்தில் ஆஜர்

– இன்னொருக்கா படி கண்ணு. வெள்ளைக்காரன் நம்மளைப் பாராட்டித்தான் எழுதியிருப்பான். நீ அவசரத்துல மாத்திப் படிச்சிருப்ப.

– பாராட்டலீங்கப்பா. எங்க கல்யாணம் நெசமா நடந்ததுதானான்னு கேட்டிருக்கான்.

– ஆருகிட்டக் கேக்கறான்? ரைட்டர் காளியண்ணன் ஊட்டுக் கல்யாணத்தையா? நம்ம வெள்ளக்கடை பஸ் ஸ்டாப்புல வந்து எறங்கி, கண்ணை மூடிக்கிட்டு ஒரு ஆளை நிறுத்திக் கேக்கச் சொல்லு! ஆயிரத்து எரநூறு எலை. எஸ்டேட் மொதலாளியே வந்து சம்மணம் போட்டுச் சாப்பிட்ட கல்யாணம்!

– மாமா, போன் ஸ்பீக்கர்ல இருக்குதுங்க. இங்க காலைல மழை, நான் டூட்டிக்குப் போக பஸ் ஸ்டாப்புல நிக்கறேன். கத்தாதீங்க, பக்கத்துல இருக்கற பாட்டி பயப்படறாங்க. ஏங்க ஜீவா, லெட்டர்ல என்ன இருக்குதோ அதை அப்படியே தமிழ்ல சொல்லுங்க. மாமாவுக்கும் புரியட்டும்.

– எனக்குப் புரியாதா அம்மிணி? நாப்பது வருசம் எஸ்டேட்டுல கணக்கெழுதுன ரைட்டரு. மேனேஜரோட இங்கிலீசையே திருத்தினவன்.

– இருங்க, இருங்க, சொல்றேன். அயர்லாந்துல நர்சா இருக்கற புவனா, தன் புருசன் ஜீவாவைக் கூப்பிட்டு வெச்சுக்கக் கேட்டிருக்காங்க. செரி, அது நாமதான். கல்யாணப் போட்டோவுல சந்தேகம் வருதாம். மூணாம் படத்துல மாப்பிள்ளை பக்கத்துல அவரோட அம்மா வேலம்மாள் நிக்கறாங்களாம். ஆனா அப்ளிகேசன்ல அம்மா எறந்து இருபத்திரண்டு வருசம் ஆச்சுன்னு போட்டிருக்கமாம்.

– இதுக்குத்தானா! நான் என்னமோன்னு பயந்துட்டேன்.

– இருபத்தெட்டு நாளுல பதில் குடுக்கலைன்னா விசா இல்லைன்னு போட்டிருக்கான். நான் ஜீப்பை வித்துட்டேன். நீங்க பஸ் ஸ்டாப்புல பிளக்ஸ் கட்டிட்டீங்க.

– கட்டினா என்ன? ‘கடல் கடக்கும் எங்கள் குலக்கொழுந்தே’ன்னு போட்டதுல ஒரு எழுத்து தப்பிருக்குதா? போட்டோ விசயம் ஒண்ணுமே இல்லை. ஸ்டூடியோ ஸ்டெபின்கிட்டச் சொல்லி உங்கம்மா படத்தை நான்தான் ஒட்ட வெச்சேன். செத்தவங்க ஆசீர்வாதம் ஆல்பத்துல இருக்கோணுமில்ல? ஊருல எல்லாரும் செய்யறதுதான். மாதம்மாள் ஊட்டுல மூணு தலைமொறையை ஒட்டுனாங்க, மாப்பிள்ளைக்கே நிக்க எடமில்லை.

– நான் அன்னிக்கே சொன்னனுங்க மாமா, அந்தப் படத்தை அனுப்ப வேண்டாம்னு. அத்தையோட இருபத்தஞ்சு வயசு போட்டோவை ஒட்டியிருக்கீங்க. என்னைவிடச் சின்னப்புள்ள எனக்கு மாமியாரா நின்னா ஆபீசருக்குச் சந்தேகம் வராதுங்களா?

– நாப்பது படம் கேட்டாங்கல்ல புவனா, எண்ணிக்கைக்குச் சேத்துட்டேன். ஒவ்வொரு படத்துலயும் ஆரு ஆரு இருக்காங்கன்னு பேரு வேணும்னாங்க. அதை அப்பாதான் எழுதுனாரு.

– எழுதினேன்! எஸ்டேட்டுல ஆரு வந்தா, ஆரு வரலைன்னு மஸ்டர் நோட்டுல எழுதறாப்புல எழுதினேன். நாப்பது படம், அறுநூத்திப் பதினோரு தலை. இடுப்புல இருக்கற கொழந்தையக்கூட விடலை. ஒரு பேரு தப்பிருந்தா என் மீசையை எடுத்துக்கறேன். என் நோட்டுல வராதவன் ஆஜர் ஆனதும் இல்லை, நேரத்துக்கு வந்தவன் ஆப்சென்ட் ஆனதும் இல்லை. உங்கம்மா ஒருநாள் காப்பி பறிக்கப் பத்து நிமிசம் லேட்டு. பொண்டாட்டியாச்சேன்னு பாத்தனா? அத்தனை பேரு முன்னால அரை நாள் ஆப்சென்ட் போட்டுக் கூலி வெட்டு! மொதலாளி எந்திரிச்சு வந்து கைகுடுத்தாரு.

– அன்னிக்குத்தானுங்களே அம்மா கோவிச்சுக்கிட்டுக் குப்பனூருக்கு மலை எறங்குனது.

– எறங்குனா. போன எடத்துல காய்ச்சல் கண்டு போயிட்டா. பழைய பேச்சு எதுக்கு? ரூல்னா ரூல்தான்.

– செரிங்க மாமா, அழுது ஆகப் போறது ஒண்ணுமில்லை. ரெண்டு வருசமா நான் போன்ல குடித்தனம் பண்றேன், இன்னொரு வருசம் என்னால முடியாது. மூணாம் படம் ஒட்டுனதுதான்னு ஸ்டெபின்கிட்ட எழுதி வாங்கிக்கலாம். கூட அத்தையோட டெத் சர்டிபிகேட்டை வெச்சு அனுப்பிட்டா முடிஞ்சுது.

– அதெல்லாம் அந்தக் காலத்துல ஆரு அம்மிணி வாங்குனாங்க?

– நீங்க ரைட்டருங்க மாமா. எங்க கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டுன கயித்துக்கே பில்லு வெச்சிருக்கீங்க. அத்தைக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லீங்களா?

– இருந்துச்சு. கறையான் தின்னுருச்சு.

– இருங்க. லெட்டர் முடியலை. பின்பக்கமும் இருக்குது.

– போதும் சாமி, மடிச்சு வை. மொதல்ல சோத்தைத் தின்னு.

– "மேலும் பதினேழாம் படம். விருந்துப் பந்தி. இடப்பக்கத்திலிருந்து ஐந்தாவது இலை. வேலம்மாள், மணமகனின் தாயார்."

– என்னது?

– லெட்டர்ல அப்படித்தான் எழுதியிருக்குது புவனா. இதுக்கும் விளக்கம் வேணுமாம்.

– அது பிரவுசிங் சென்டர் தேவகுமாரி பண்ண கோளாறு. டைப் அடிக்கறப்ப வாயில பாட்டு, காதுல போனு. நாளைக்கே போயி ரெண்டு கேக்கறேன்.

– தேவகுமாரி இல்லீங்கப்பா. உங்க நோட்டை அப்படியே படம் புடிச்சுக் கூட வெச்சிருக்கான். உங்க பச்சை மசி. உங்க கையெழுத்து. பேருக்கு நேரா டிக்கு வேற.

– மாமா. ஆசீர்வாதத்துக்குச் செத்தவங்களை ஒட்டறாங்க, செரி. பந்தியில எலை போட்டு உக்கார வெச்சு ஆருங்க ஒட்டுவாங்க?

– நொம்பப் பேரு எழுதுனேன்ல கண்ணு. கை தவறியிருக்கும்.

– அறுநூத்திப் பதினோரு பேருல ஒண்ணு தப்பிருந்தா மீசையை எடுத்துக்கறேன்னு இப்பத்தானுங்களே சொன்னீங்க?

– புவனா, அந்தப் படம் உன்ற போன்ல இருக்குதா?

– தொறந்துட்டேன். என் பஸ் போகுது, போகட்டும். அஞ்சாவது எலை. மஞ்சச் சேலை. தலை பாதி நரைச்சிருக்குது. இவங்களை நான் உங்க பக்கத்துச் சொந்தம்னு நெனச்சிருந்தேன்.

– நான் உங்க ஊரு மஞ்சக்குட்டைச் சனம்னு நெனச்சேன்.

– ஏங்க, இவங்க சோத்தைப் பெசையறப்ப சுண்டுவிரலைத் தூக்கிக்கிறாங்க. உங்களாட்டமே.

– அப்பா. ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை நான் மேட்டூர் போயி எள்ளும் தண்ணியும் எறைச்சிட்டு வாறேன். பஸ்ஸுல தின்னுன்னு புளிச்சோறு கட்டிக் குடுக்கறீங்க. ஒரு தடவையாச்சும் கூட வந்தீங்களா? கால் வலின்னீங்க. மழைன்னீங்க.

– ஒரு சாங்கியம் செஞ்சா நல்லதுதானே சாமி. ஆருக்காச்சும் போயிச் சேரும்.

– ஆருக்குங்க சேந்துது?

– ஏங்க, கோவப்படாதீங்க. இருங்க. மாமா, இந்தப் படத்துல நீங்களும் இருக்கீங்க. உங்க பேரையும் எழுதி டிக்கு போட்டிருக்கீங்க. பட்டு வேட்டி, மடிப்புக் கலையாத துண்டு, கையில சாம்பார் வாளி. நாங்க ரெண்டு பேரும் மாலையோட நிக்கறப்ப, மொதலாளி எலைக்கே நீங்க எட்ட நின்னு ஆளை ஏவுனீங்க. எந்தப் பந்தியிலயும் தண்ணிச் சொம்பு எடுக்காத மனுசன், அஞ்சாவது எலைக்கு எதுத்தாப்புல வாளியோட குனிஞ்சுக்கிட்டு நிக்கறீங்க.

– சமையக்காரன் ஆள் பத்தலைன்னான்.

– பதினெட்டு ஆளு வெச்சிருந்தீங்க. அதுக்கும் மஸ்டர் போட்டீங்க.

– அப்பா, என்னைப் பாருங்க. பிளக்ஸைக் கழட்டிக்கலாம். ஜீப்பு போனாப் போகுது, வேற ஓட்டிக்கறேன். ஆபீசருக்கு நான் பதில் எழுதோணும். அஞ்சாவது எலைக்கு நேரா என்னன்னு எழுதட்டும்? செத்துட்டாங்கன்னா? உங்க நோட்டு பொய்யின்னா?

– நோட்டைப் பொய்யின்னு எழுதிராத கண்ணு.

– அப்ப நீங்களே சொல்லுங்க மாமா. நான் லைன்லதான் இருக்கேன்.

– அன்னிக்கும் லேட்டாத்தான் வந்தா சாமி, மொத பந்தி எந்திரிச்சிருச்சு. ரெண்டாந்தடவை சாம்பார் கேட்டா, ஊத்துனேன். வந்தவளை இன்னொருக்கா எப்படி நான் ஆப்சென்ட் போடறது?