இடிதாங்கில இப்ப யாரு இருக்கா

இல்ல தம்பி, முடியாதுன்னா முடியாதுதான். நீங்க சுத்தி வளைச்சுக் கேட்டாலும் சரி, நேராக் கேட்டாலும் சரி. எங்க அண்ணன் ஒத்துக்கிட்டாரா? ஒத்துக்காம என்ன பண்ணுவாரு? ஒரு மேடை, ஒரு நாற்காலி, ஒரு கிட்டார், நீங்க மட்டும் தனியா ஒன்றரை மணி நேரம்னு சொன்னா யாருக்குத்தான் ஆசை வராது? காலையில நான் பல்லு கூட விளக்கல, ஃபோன் பண்ணிட்டாரு. ஏய், என்னையத் தனியா வாசிக்கக் கூப்பிடுறாங்க, சவுண்டு நீதான் பாக்கணும்னு. அறுபத்தோரு வயசு ஆளு, புதுச் சைக்கிள் கிடைச்ச பிள்ள மாதிரி பேசுறாரு. அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன். அந்தச் சவுண்ட நான் பாக்க மாட்டேன். வேற யாரையும் பாக்கவும் விட மாட்டேன்.

கோவமா இருக்கேனா? ஆமா, கோவமாத்தான் இருக்கேன். உக்காருங்க. அதுல இல்ல, அது ஸ்பீக்கர் பெட்டி. அந்த நாற்காலிய இழுத்துப் போடுங்க. மணி மூணுதான் ஆகுது. அவங்க எல்லாம் சவுண்டு செக்குக்கு மேடை ஏற இன்னும் அரை மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள நான் பேசி முடிச்சாகணும்.

நான் யாருன்னு உங்களுக்கு என்ன சொன்னாங்க? அவரு தங்கச்சி, அவ்ளோதானே? முப்பது வருஷமா இந்த மிக்ஸர் மேசைக்குப் பின்னால நிக்கிறவ தம்பி நான். மேடையில வர்ற ஒவ்வொரு சத்தமும் என் கை வழியாத்தான் உங்க காதுக்கு வருது. பாட்டு நல்லா இருந்தா கைதட்டு அவங்களுக்கு, மைக் கீச்சுன்னு கத்துனா திட்டு எனக்கு. பரவால்ல, பழகிருச்சு. ஆனா போன கச்சேரியப் பாத்துட்டு நீங்க பத்திரிகையில எழுதுனது இருக்கே, அது பழகல.

தலைப்பே என்ன வச்சீங்க? இடிதாங்கி இன்னும் இருக்கிறதான்னு. முப்பத்திமூணு வருஷமா மேடை ஏறுற ஒரு பேண்ட், அது இருக்கா செத்துருச்சான்னு நீங்க நாடி பிடிச்சுப் பாக்குறீங்க. உங்களுக்கு என்ன வயசு? முப்பத்தியொண்ணா? அப்ப எங்களுக்கு ரெண்டு வயசு சின்னவரு.

மேடையில நிக்கிற அஞ்சு பேர்ல நாலு பேரு வாடகை ஆளுங்களாம். பழைய பலகைய மாட்டிக்கிட்டு நடக்குற புதுக் கடையாம். அப்புறம் அந்தக் கோடாலிக் கத வேற. பிடிய மாத்துனாங்க, இரும்ப மாத்துனாங்க, இன்னும் அதே கோடாலியான்னு. அடேயப்பா, என்னா அறிவு! வெட்டு வாங்குற மரத்தப் போய்க் கேளுங்க, அது சொல்லும்.

கடைசிப் பத்தியில ஒண்ணு எழுதுனீங்க. மிச்சம் இருக்கிற ஒரே நிஜம் அந்த கிட்டார்காரர் மட்டும்தான்னு. மூணாவது பாட்டுல அவரு தனியா வாசிச்ச ஒன்றரை நிமிஷத்துல நீங்க அழுதுட்டீங்கன்னு. அந்த விரல் மட்டும் பொய் சொல்லலன்னு. எங்க அண்ணன் அத ஃபோன்ல சேத்து வச்சுக்கிட்டு, வர்றவன் போறவன்கிட்டல்லாம் காட்டுறாரு. அந்தச் சந்தோஷத்துலதான் உங்க தனிக் கச்சேரிக்குத் தலையாட்டுனாரு.

சரி, வாடகை ஆளுன்னீங்களே, ஒவ்வொருத்தரா வருவோமா?

டிரம்ஸ் வாசிக்கிற பொண்ணு. ஆரம்பத்துல வாசிச்சவனுக்குப் பேரு குண்டு. ஆளு ஈர்க்குச்சி, அதனாலதான் குண்டு. பதினாலு வருஷத்துக்கு முன்னால ஒரு செவ்வாக்கெழம காலையில ஷூ கயிறு கட்டக் குனிஞ்சான், எந்திரிக்கல. பத்து நாள்ல நிகழ்ச்சி. எல்லாத்தையும் நிறுத்திரலாம்னு உக்காந்து பேசிட்டு இருக்கோம், அவன் மக வந்து நிக்கிறா. பத்தொம்பது வயசு. நான் வாசிக்கிறேங்கிறா. பெரிய வாசிப்பெல்லாம் இல்ல, கண்றாவி. ரயிலப் பிடிக்க ஓடுறவ மாதிரி எல்லாப் பாட்டுலயும் ஓடுவா. எங்க அண்ணன்தான் ரெண்டு வருஷம் போராடி அவள நடக்க வச்சாரு. இன்னிக்குக் கடிகாரம் நின்னுபோனா அவள வச்சு மணி பாத்துக்கலாம். அவ வாடகையா?

பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் பேரு புதுசு. பழைய ஆளுக்கு முழங்கால் போயி, டிரைவிங் ஸ்கூல் வச்சுட்டாரு. அவருக்குப் பதிலா இவன் வந்தான். வந்த அன்னிக்கு எவனோ புதுசுன்னு கூப்பிட்டான், ஒட்டிக்கிச்சு. தல நரைச்சுப் போச்சு, மகளுக்குக் கல்யாணம் பண்ணிட்டான், இன்னும் புதுசுதான். பழைய ஆளு எங்ககூட இருந்தது பதினாறு வருஷம். இந்தப் புதுசு வந்து பதினேழு ஆச்சு. இப்ப சொல்லுங்க, யாரு பழசு?

பாட்டா? ஆமா, பாட்டுப் பாடுறவன். அங்கதான் வருவீங்கன்னு தெரியும். எல்லாருக்கும் அந்த முதல் பாட்டுக்காரன்தான் வேணும். தொண்டைன்னு சொல்லுவோம் அவன. பன்னெண்டு வருஷம் பாடுனான், பேரு வந்துச்சு, பேரு வந்ததும் நாங்க அவனுக்குச் சுமையாயிட்டோம். போயிட்டான். போனது தப்பில்ல. போற இடமெல்லாம் நான் இல்லாம இடிதாங்கி ஏதுன்னு பேட்டி குடுத்தான் பாருங்க, அதுதான். நீங்ககூட அத எடுத்துப் போட்டிருந்தீங்க.

இப்பப் பாடுறவன் பல்லு. பல்செட் செய்யிறது அவன் தொழில், அதான் அந்தப் பேரு. குரல் தொண்டை அளவுக்கு வராது, ஒத்துக்கிறேன். மேல போனா கொஞ்சம் கிழியும். ஆனா ஒரு விஷயம் சொல்றேன், இத எழுதக் கூடாது. அந்த ஃபோனத் திருப்பிப் போடுங்க. ம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால அண்ணனுக்குத் தலைக்குள்ள ரத்தம் அடைச்சுக்கிச்சு. இடது பக்கம் லேசா இழுத்துருச்சு. வெளிய காய்ச்சல்னு சொன்னோம். நான் தொண்டைக்கு ஃபோன் போட்டேன், மூணு தடவ. எவ்ளோ சண்ட இருந்தாலும் ஒரே ரூம்ல ஒரே போர்வைக்குள்ள படுத்து எந்திரிச்சவங்கதானேன்னு. ஆஸ்பத்திரிக்கும் அவன் வீட்டுக்கும் நாப்பது நிமிஷம். வரல. பழைய ஃபோட்டோ ஒண்ண எடுத்து, என் உயிர் நண்பனுக்காகப் பிரார்த்திக்கிறேன்னு ஊருக்கெல்லாம் தெரியிற மாதிரி போட்டான். அதுக்கு லட்சம் பேரு இதயம் போட்டாங்க. நீங்களும் போட்டீங்களா? போட்டிருப்பீங்க.

பல்லு என்ன பண்ணான் தெரியுமா? பதினோரு வாரம், தெனம் காலையில ஆறு மணிக்குக் கார எடுத்துட்டு வந்து அண்ணனத் தூக்கி உக்கார வச்சு, கைப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போயி, திரும்பக் கொண்டாந்து விட்டுட்டு வேலைக்குப் போனான். புதுசு ஒண்ணு விட்டு ஒரு நாள் வந்து அவருக்குச் சவரம் பண்ணி விட்டான். உங்க வாடகை ஆளுங்கதான் தம்பி இவங்கல்லாம்.

டீச்சரா? வர்றேன், அவங்ககிட்டதான் வர்றேன். பின்னால நிக்கிற ரெண்டாவது கிட்டார். பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். ஒம்பது வருஷமா எங்ககூட இருக்காங்க. நீங்க என்ன எழுதுனீங்க? பேப்பர் திருத்திட்டு நேரா வந்த மாதிரி ஒரு அம்மா, ஜனங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஏதோ தட்டிட்டு இருக்காங்க, எதுக்கு இருக்காங்கன்னே தெரியலன்னு. அவங்க அதப் படிச்சாங்க. இதோ, நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான் உக்காந்து படிச்சாங்க. படிச்சிட்டுச் சொன்னாங்க, ஒரே விடைத்தாள்ல எனக்கு நூறும் போட்டிருக்காரு முட்டையும் போட்டிருக்காருன்னு. சிரிச்சாங்க. நான் சிரிக்கல.

புரியலயா? புரியாது. இருங்க.

அண்ணனுக்குக் கை திரும்பி வந்துருச்சு. டாக்டருக்கே ஆச்சரியம். பன்னெண்டாவது வாரம் ஒத்திகைக்கு வந்தாரு, நாங்கல்லாம் எந்திரிச்சு நின்னோம். வாசிக்க ஆரம்பிச்சாரு. விரல் அது பாட்டுக்கு ஓடுது, ஒரு சுரம் தப்பல. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். ஏன்னா எல்லாமே பிந்தி வருது. அரைத் தட்டு. எல்லா எடத்துலயும் ஒரே மாதிரியும் இல்ல, ஒரு எடத்துல கொஞ்சம், ஒரு எடத்துல ரொம்ப. அவருக்கு அது தெரியல தம்பி. அவரு காதுக்கு அது சரியா இருக்கு. நடுவுல நிறுத்திட்டாரு, திரும்பி குண்டு மகளப் பாத்து, மறுபடியும் ஓட ஆரம்பிச்சுட்டியாடின்னு சத்தம் போட்டாரு. அவ ஓடல. அவ ஓடலன்னு அந்த ரூம்ல இருந்த எல்லாருக்கும் தெரியும், அவரத் தவிர. அவ எங்களையெல்லாம் ஒரு சுத்துப் பாத்தா. பாத்துட்டு, மன்னிச்சுக்கோங்க பெரியப்பா, இனிமே பாத்து வாசிக்கிறேன்னா.

சொல்லாம இருப்பேனா? சொன்னேன். ஒரு நாள் பதிவு பண்ணியே போட்டுக் காமிச்சேன். கண்ண மூடிக் கேட்டாரு. நல்லாத்தானே இருக்கு, அந்தப் பொண்ணு மட்டும்தான் கொஞ்சம் ஓடுறான்னாரு. தலைக்குள்ள எந்த எடம் போச்சோ, அந்த எடம்தான் அதக் கேக்கணும். டாக்டர்கிட்டயும் கேட்டேன். திரும்ப வரலாம், வராமலும் போகலாம்னாரு. அது ஒரு பதிலா?

அப்புறம் பல்லுவோட பட்டறையில உக்காந்து பேசுனோம், அண்ணன் இல்லாம. சுத்திப் பாத்தா அலமாரி பூரா வாயத் தொறந்துக்கிட்டு பல் அச்சுங்க. அதுங்க மட்டுந்தான் வாயத் தொறந்துச்சு, நாங்க யாரும் தொறக்கல. கடைசியில டீச்சர்தான் பேசுனாங்க. அவரு வாசிப்பு எனக்கு அக்கு வேறா ஆணி வேறா தெரியும், நான் வாசிக்கிறேன், அவரு நிக்கட்டும்னாங்க. என் பேரு வர வேணாம், என் விரல யாரும் பாக்காம நான் கொஞ்சம் திரும்பி நின்னுக்கிறேன்னாங்க. நான் என்னால முடியாதுன்னேன். அண்ணனோட சத்தத்த என் கையாலயே அமுக்கச் சொல்றீங்களான்னு கத்துனேன். எல்லாரும் என் வாயவே பாத்தாங்க. அதுக்கு மறுவாரம் நிகழ்ச்சி.

அன்னியிலேருந்து இப்படித்தான். அவரு கிட்டார்லருந்து வர்ற வயரு இந்த மேசைக்கு வருது, இங்கயே நின்னுருது. அவரு வாசிக்கிறது அவரு காதுக்கு மட்டும் போகும். வெளிய, உங்களுக்குப் போறது டீச்சர். அந்த மூணாவது பாட்டு, அந்த ஒன்றரை நிமிஷம், எல்லாமே டீச்சர். நீங்க அழுதது டீச்சருக்குத் தம்பி.

ஏமாத்துதான். இல்லன்னு சொன்னேனா? நல்லா எழுதுங்க, தாராளமா எழுதுங்க, ஒரு பத்தி அதிகமாவே எழுதலாம். எழுதுறதுக்கு முன்னால, வீட்டுல அவரு கிட்டாரத் தொடைச்சு வைக்கிறதப் போய்ப் பாத்துட்டு எழுதுங்க. எனக்கு உங்க மேல என்ன கோவம்னா, நாலு பேரு சேந்து ஒரு ஆளத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, நீங்க வந்து அந்த நாலு பேரையும் நகரச் சொல்றீங்க. அவரத் தனியா உக்கார வைக்கிறேங்கிறீங்க. தனியா உக்காந்தா என்ன கேக்கும்னு உங்களுக்குத் தெரியாது. இன்னொரு கிட்டார் இல்ல, டிரம்ஸ் இல்ல, யாரு மேலயும் பழி போட முடியாது. எழுநூறு பேரு மொகத்தப் பாத்துத்தான் அவரு தெரிஞ்சுக்கணுமா?

என்ன சொல்றதா? அது உங்க பாடு. மண்டபம் கிடைக்கலன்னு சொல்லுங்க, ஆபீஸ்ல ஒத்துக்கலன்னு சொல்லுங்க. எழுதுறவருதானே நீங்க, ஒரு கத கூடவா வராது? கோச்சுக்குவாரு, ரெண்டு நாளு சாப்பிட மாட்டாரு, நான் பாத்துக்கிறேன்.

இருங்க, வந்துட்டாங்க. அங்க பாருங்க, உங்களப் பாத்துட்டாரு, கை காட்டுறாரு. நீங்களும் காட்டுங்க. சிரிங்க.

இந்தாங்க, இந்த ஹெட்போன மாட்டிக்கோங்க. ரெண்டு காதுலயும் நல்லா அழுத்தி. வெளிய போற பாட்டு இதுல வராது. அண்ணன் வாசிக்கிறதையும், அடியில டிரம்ஸையும் மட்டும் இதுல விட்டிருக்கேன்.

ஆரம்பிச்சுட்டாங்க. கேக்குதா?

அய்யோ, கழட்டாதீங்க. பாட்டு முடியிற வரைக்கும் கேளுங்க தம்பி. ரெண்டு வருஷமா நான் கேக்குறேன்ல.