ஆணியில் தொங்கும் ஆரஞ்சுக் கப்

டீ நல்லா இருக்கு மேடம். பேப்பர் கப்ல கொடுத்துட்டமேன்னு நீங்க சங்கடப்பட வேணாம். கப் செய்யறவன்னு தெரிஞ்சா எல்லாரும் இப்படித்தான் சாரி கேக்கறாங்க. என் வீட்லயே எவர்சில்வர் டம்ளர்தான்.

எழுதிக்கோங்க. பேரு பென்னி, வயசு நாப்பத்தெட்டு. அஸ்தினாபுரத்துல வீட்டுக்குப் பின்னாடி ஷெட் போட்டு செராமிக் ஸ்டூடியோ நடத்தறேன். அதுக்கு முன்னாடி ஒரு டைல்ஸ் கம்பெனியில கலர் கலக்கற வேலை. என்னை யாரும் பிடிச்சிட்டு வரல, நானாத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். காலையில அருள்மேரி அக்கா போன் பண்ணாங்க. அதுக்கப்புறம் வீட்ல உட்கார முடியல.

அவங்க பொண்ணுதான் சுஜி. ஆறு வருஷம் முன்னாடி ஐடி வேலைய விட்டுட்டு என்கிட்ட கத்துக்க வந்தா. அடுத்த வருஷமே பார்ட்னர் ஆயிட்டா. அவ எடுத்துக்கிட்டது போர்சலின், வெள்ளைப் பீங்கான் மண்ணு. சரியான அடம். சக்கரத்துல ஒரு விரல் அழுத்தம் கூடினா பொதுக்குனு உட்கார்ந்துடும். அவ கைக்கு மட்டும் சொன்ன பேச்சு கேட்கும். அவ செஞ்ச கிண்ணத்த வெளிச்சத்துல பிடிச்சா, பின்னாடி இருக்கற விரல் நிழலாத் தெரியும். நானும் இருபது வருஷமா பண்றேன், என்னுது கனமாத்தான் வரும். வர்றவங்க என்னுதைக் கையில எடுத்து, "ஸ்ட்ராங்கா இருக்கு சார்"னு சொல்லி வெச்சிட்டு, அவளுதை வாங்கிட்டுப் போவாங்க.

கோவம்னு சொல்ல மாட்டேன். போன வருஷம் சிறுசேரியில ஒரு ஆபீஸ் லாபிக்குப் பீங்கான்ல ஒரு சுவர் பண்ணச் சொன்னாங்க. ஆயிரத்து இருநூறு இதழ், மேல இருந்து கீழ வரைக்கும். மெயில்ல ஆர்ட்டிஸ்ட்னு அவ பேர் மட்டும் இருந்துது. கீழ, சூளை உதவி பென்னின்னு போட்டிருந்தாங்க. என் சூளை மேடம் அது.

எங்க ஸ்டூடியோவுல ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு கப், ஒரு ஆணி, ஆணிக்கு மேல பேரு. ஒருத்தர் கப்ல இன்னொருத்தர் குடிக்கக்கூடாது. நான் போட்ட ரூல்தான். அவ பொறந்த நாளைக்கு ஒரு கப் பண்ணிக் கொடுத்தேன். உள்ளயும் வெளியயும் பப்பாளிப் பழக் கலர். டைல்ஸ் கம்பெனியில இருந்து எடுத்துட்டு வந்த பழைய கலர் டப்பா ஒண்ணு கிடந்துது, அதைத்தான் பூசினேன். காரீயம் கலந்தது. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வேற, இது வேற. புளிப்பு பட்டா கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். உடம்புல சேர்ந்தா நரம்பைத் தின்னும். கிளாஸுக்கு வர்றவங்களுக்கு முதல் நாளே நான் இதைச் சொல்லிடுவேன்.

அவளுக்கும் சொல்லியிருக்கேன். அதனாலதான் கேட்டா, "அண்ணா, இந்தக் கலர்... இதுல குடிக்கலாம்ல?"

"காரீயம் இல்லாம புதுசா ஒரு கலர் வந்திருக்கும்மா, பயப்படாத"ன்னேன். சிரிச்சிட்டா. நான் சொன்னா அவளுக்கு அவ்ளோதான்.

அப்போ ஏப்ரல் வெயில், ஷெட்டுக்குள்ள நிக்க முடியாது. தினமும் பதினோரு மணிக்கு நானே லெமன் பிழிஞ்சு அந்தக் கப்ல கொடுப்பேன். ஜூன்ல வயித்துவலின்னா, டாக்டர் கேஸ் டிரபிள்னாரு. அப்புறம் சோர்வுன்னா. ரத்தம் கம்மியா இருக்கு, மாத்திரையோட லெமன் ஜூஸ் குடிங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. ஒரு பழம் பிழிஞ்சிட்டிருந்தவன், நான் ரெண்டு பழம் பிழிய ஆரம்பிச்சேன்.

அக்டோபர்ல, சக்கரத்துல உட்கார்ந்திருக்கும்போது அவ வலது மணிக்கட்டு தொங்கிடுச்சு. தூக்கப் பார்க்கறா, வரல. மண்ணு கோணிக்கிட்டு ஓடுது, அவ அதையே பார்த்துட்டிருக்கா. நான்தான் கார்ல ஏத்தினேன். மேடவாக்கம் டிராஃபிக்ல ஹாரன் அடிச்சு அடிச்சு என் கை வலிச்சுது. ரத்தத்துல காரீயம் இருக்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னப்போ, அவ படுத்துக்கிட்டே சொல்றா, "அண்ணா ரொம்ப ஸ்ட்ரிக்ட், டாக்டர். எங்க ஸ்டூடியோவுல அதெல்லாம் கிடையாது. நான் வெளிய எங்கயோ அஜாக்கிரதையா இருந்திருக்கேன்." நான் பக்கத்துல நின்னு அவ தண்ணி பாட்டிலை மூடிட்டிருந்தேன்.

கை முழுசா திரும்பாதுன்னுட்டாங்க. சுவரை நான் முடிச்சேன். என் பேரைப் போடச் சொல்லி அவளே அவங்களுக்கு லெட்டர் எழுதினா, இடது கையால.

இன்னிக்கு அருள்மேரி அக்கா போன்ல சொன்னாங்க, "தம்பி, ஞாயித்துக்கிழமை கோயில் பூசையில உங்க பேரைப் படிச்சு வேண்டிக்கச் சொல்லி கருத்து கொடுத்திருக்கேன். என் பொண்ணுக்கு இனிமே உங்க கைதான் கை." பாவம் பண்ணிட்டேன் மேடம். அந்தப் பூசையில என் பேரைப் படிக்கக்கூடாது. அதான் வந்தேன்.

அவ சாகணும்னு நான் நினைக்கல. அந்தச் சுவர் முடியற வரைக்கும் கொஞ்சம் சோர்வா இருந்தாப் போதும்னுதான் நினைச்சேன். அதை அப்படியே எழுதிக்கோங்க.

இல்ல, இருங்க. ஒண்ணை விட்டுட்டேன். அந்த முதல் கப் ஜூலையிலயே உடைஞ்சிடுச்சு. அவ விரல் அப்பவே மரத்துப்போக ஆரம்பிச்சிருந்துது, கை நழுவிடுச்சு. சாமியே நிறுத்திட்டாருன்னு எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக்கூட இருந்துது. அவ தரையில உட்கார்ந்து துண்டைப் பொறுக்கிட்டே அழுதா. "அழாத சுஜி, அதே மாதிரி இன்னொண்ணு பண்ணித் தரேன்"னேன்.

அதை வெள்ளை மண்ணுலயே பண்ணேன். பதினேழு தடவ உட்கார்ந்துடுச்சு. பதினெட்டாவது நின்னுது. கலர் பூசறதுக்கு முன்னாடி சுட்டு எடுத்து அவகிட்ட காட்டினேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா. பின்னாடி அவ விரல் தெரிஞ்சுது. "அண்ணா, எனக்குக்கூட இவ்ளோ மெல்லிசா வந்ததில்ல"ன்னா. அதுக்கப்புறம்தான் மேடம் ஆரஞ்சு பூசினேன்.

அது இப்பவும் அவ ஆணியிலதான் தொங்குது. எடுக்க ஆள் அனுப்பும்போது, நியூஸ் பேப்பர்ல சுத்தி ரெண்டு கையாலயும் பிடிச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. உடைச்சிடப் போறாங்க.